கொட்டானின் படத்தை அச்சடிக்காதீர்கள்: பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கும் முறை

பேக்கேஜிங் வகுப்பில் "மரபிலிருந்து ஒரு வடிவமைப்பு" என்று வேலை கொடுத்தால் பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே பெட்டிதான். பழுப்பு அட்டை, மேலே ஓலைப் பின்னலின் படம், மூலையில் ஒரு கோலம், சணல் கயிற்றில் ஒரு முடிச்சு. திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் உறையில் முறுக்கு. பனை ஓலையில் முடைந்த கொட்டான் கூடை காற்றை உள்ளே விடும், அதன் படம் விடாது. வாழை இலை சூட்டில் வதங்கி சோற்றோடு ஒட்டிப் படியும், பச்சை மை ஒட்டாது. எடுத்துக்கொள்ள வேண்டியது பொட்டலம் செய்கிற வேலையை. முகத்தை எடுத்தால் கையில் மிஞ்சுவது அலங்காரம் மட்டும்.

வேலையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பிரித்து, அளந்து, திரும்பக் கட்டி, கெடுத்துப் பார்ப்பது. இங்கே எடுத்துக்கொள்வது நான்கு பொருள்கள்: வாழை இலை, காகிதம், பனை ஓலை, வைக்கோல். நான்கு சனி, ஞாயிறு இருந்தால் போதும்.

கேள்வி கேட்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து நின்ற பொருள் தண்ணீர்ச் செம்பு. அழகு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையிலா இடுப்பிலா எதில் தூக்குகிறார்கள், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படிச் சாய்கிறது, உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா, தொட்டால் எப்படி இருக்கிறது, என்ன விலை என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை அப்படியே ஒரு தயிர்சாதப் பொட்டலத்திடம் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி, இரும்பு ஸ்கேல், கட்டத்தாள், அழியாத மார்க்கர், நல்ல கத்தரிக்கோல், ஒரு வாளித் தண்ணீர். காமிரா இரண்டாம்பட்சம். படம் எடுத்துவிட்டால் பார்த்துவிட்டோம் என்று மனசு நம்பிக்கொள்ளும்.

பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள்

இலையில் கட்டித் தரும் ஓட்டலில் சாம்பார் சாதம் மூன்று பொட்டலம் வாங்குங்கள். ஒன்று பிரிக்க, ஒன்று அளக்க, ஒன்று கெடுக்க.

முதல் பொட்டலத்தை மேசையில் வைத்து, பிரிக்கும் முன்பே மார்க்கரால் எண் போடுங்கள். நூலின் முனை 1, அதை விட்டதும் தளரும் மடிப்பு 2, அடுத்தது 3. ஒவ்வொரு மடிப்பின் இரு பக்கமும் படும்படி குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுங்கள். விரித்த பிறகு எந்த ஓரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று அந்தக் கோட்டுத் துண்டுகள்தான் காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் பிரித்துவிட்டுக் கசங்கிய தாளைப் பார்த்தால் எது மடிப்பு, எது சுருக்கம் என்று தெரியாது.

பிறகு ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து, தாளையும் இலையையும் தட்டையாக்கிக் கட்டத்தாளில் அதே அளவில் வரையுங்கள். மேடாக நிற்கும் மடிப்பு சிவப்பு, பள்ளமாக விழும் மடிப்பு நீலம். அடுத்து, வெளித்தாளில் சாம்பார் கறை எங்கெங்கே இருக்கிறது என்று பென்சிலால் சுற்றுங்கள். பெரும்பாலும் கறை இரண்டு இடத்தில்தான் இருக்கும்: இலைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பில், அல்லது நரம்போடு இலை கிழிந்த கோட்டில். நடுவில் வட்டமாக இருந்தால் இலையில் ஓட்டை. நான்கு மூலையிலும் இருந்தால் பொட்டலம் பையில் தலைகீழாகப் போயிருக்கிறது. இந்தக் கறைத்தாளைத் தூக்கி எறியாமல் காயவைத்துக் கோப்பில் வையுங்கள். பின்னால் நீங்கள் வரையப்போகும் நேர்த்தியான படங்களை விட இதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது பொட்டலத்தில் வெப்பமானியை நடுவில் குத்தி, வாங்கியதும், 15 நிமிடத்தில், 30-ல், 60-ல் குறியுங்கள். அதே எடைச் சாதத்தை அலுமினிய டப்பாவில் போட்டுப் பக்கத்திலேயே வைத்து அதையும் குறியுங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் வெளித்தாளை மட்டும் எடை போடுங்கள். உலர்ந்த நிலையில் அதே அளவுத் தாளின் எடையைக் கழித்தால், அது எவ்வளவு ஈரத்தைக் குடித்திருக்கிறது என்று தெரியும். டப்பாவின் மூடியில் நீர் முத்து முத்தாக நின்று சாதத்தின் மேலேயே சொட்டும். பொட்டலத்தில் அந்த நீரில் ஒரு பங்கு இலைகளின் இடுக்கு வழியாகத் தாளுக்குப் போய்விடுகிறது. வெளித்தாள் வெறும் மேலுறை இல்லை, அது ஒரு உறிஞ்சி. இதைக் கண்டுபிடிக்காமல் "இலைக்கு மேலே தாள் எதற்கு, மிச்சப்படுத்தலாமே" என்று எடுத்துவிட்டு, நசநசத்த சாதத்தோடு நிற்பவர்கள் உண்டு.

மூன்றாவது பொட்டலத்தைப் பையில் போட்டு, மேலே ஒரு கிலோ எடை வைத்து, இரண்டு மணி நேரம் பேருந்திலோ பைக்கிலோ கொண்டுபோய்ப் பிரியுங்கள். அளக்கவும் கெடுக்கவும் பயன்படுத்திய சாதத்தைச் சாப்பிட வேண்டாம்.

வாழை இலை

கட்டுவதற்கு நுனி இலை வேண்டாம், அது பந்திக்கு. பொட்டலத்துக்கு ஏட்டு இலை. மிக இளசாக இருந்தால் சூடு பட்டதும் குழைந்துவிடும், முற்றினது மடிக்கும்போது முறியும். கையில் எடுத்து ஓரத்தை விரலில் சுற்றிப் பாருங்கள். உடையாமல் ஒரு சுற்று வந்தால் சரியான பருவம்.

இலையின் கிளை நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஓரம் வரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. கிழிசலும் அந்த வழியாகத்தான் ஓடும். எனவே நரம்புக்கு இணையாக விழும் மடிப்பு பலவீனம், நரம்பைக் குறுக்கே வெட்டும் மடிப்பு பலம். முதல் மடிப்பில்தான் சோற்றின் பாரம் முழுதும் விழுகிறது. ஆகவே முதல் மடிப்பு நரம்புக்குக் குறுக்கே விழும்படி இலையைப் போட வேண்டும். பக்கவாட்டு முனைகளை மடிக்கும்போது நரம்பு வழியே போனாலும் பரவாயில்லை, அங்கே இழுவை குறைவு.

அளவு போடும் முறை: 250 கிராம் சாதத்தை அமுக்கினால் ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. கனம் வரும். குறுக்குச் சுற்றளவு 23 செ.மீ. அதோடு ஒன்றன்மேல் ஒன்று ஏற 8 செ.மீ. சேர்த்தால் 31. நீளவாக்கில் 12 செ.மீ.யோடு இரு முனைக்கும் தலா 10 செ.மீ. சேர்த்தால் 32. ஆக 31-க்கு 32 செ.மீ. இலை வேண்டும். இங்கேதான் சிக்கல். தண்டை விட்டு வெட்டிய பாதி இலையின் அகலம் பெரும்பாலும் 25 முதல் 30 செ.மீ.தான் கிடைக்கும். அதனால்தான் இரண்டு துண்டு போடுகிறார்கள். இரண்டையும் ஒரே திசையில் போடாமல், ஒன்றின் நரம்பு மற்றதன் நரம்புக்குக் குறுக்கே வரும்படி போடுங்கள். ஒன்று கிழிந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். பிளைவுட் செய்யும் தந்திரமும் இதுதான்.

இனி வாட்டுவது. நடுத்தண்டு இருந்தால் அடிப்பக்கத்தில் கத்தியைப் படுக்கவைத்து, இலையின் கனத்துக்கே வரும்படி சீவிவிடுங்கள். ஈரத்துணியால் இரு பக்கமும் துடையுங்கள். சிறு தீயில், ஒரு சாண் உயரத்தில், அடிப்பக்கம் தீயைப் பார்க்கும்படி பிடித்து, நிறுத்தாமல் நகர்த்துங்கள். மங்கலான பச்சை ஓர் ஓரத்திலிருந்து அலைபோலக் கறுத்து, எண்ணெய் பூசினாற்போலப் பளபளப்பாக மாறும். அந்தப் பளபளப்பு வந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. மேலிருக்கும் மெழுகு இளகுகிறது, உள்ளே செல்களின் விறைப்புத் தளர்கிறது. இலை துணிபோலத் தொங்கும். பழுப்புப் புள்ளி விழுந்தால் தீ அதிகம், அந்த இடம் ஆறியதும் நொறுங்கும். வாட்டின இலையை அரை மணிக்குள் கட்டிவிடுங்கள்.

பளபளப்பான மேல்பக்கம்தான் சோற்றின் பக்கம். கொதிக்கக் கொதிக்கச் சாதத்தை வைத்துக் கட்டுகிற ஓட்டலில் வாட்டாமலே சமாளித்துவிடுவார்கள், சோற்றின் ஆவியே இலையை வாட்டிவிடும். ஆறிய தயிர் சாதத்துக்கு அந்த வசதி கிடையாது. வாட்டாத இலையில் தயிர் சாதம் கட்டினால் முதல் மடிப்பிலேயே "டர்" என்று கேட்கும்.

கட்ட வாழை நார். காய்ந்த நார் நேராக இழுத்தால் தாங்கும், முடிச்சில் ஒடியும். 10 நிமிடம் தண்ணீரில் போட்டு, பிழிந்து, பிறகு கட்டுங்கள். உலரும்போது அது சுருங்கி முடிச்சு இறுகும். அதனால் கட்டும்போது மிகவும் இழுக்கக் கூடாது. இழுத்தால் உலர்ந்தபின் இலையை அறுக்கும்.

வாழையின் மற்ற பாகங்களையும் மறக்க வேண்டாம். பூக்கடைக்காரர்கள் மல்லிகைச் சரத்தை ஈரம் போகாமல் வாழை இலையில் மடித்துத் தருவார்கள். காய்ந்த சருகோ ஈரத்தைத் தள்ளி வைக்க வேண்டிய பண்டங்களுக்குப் போனது. மூக்குப்பொடிக்குப் பொடிமட்டை என்று பெயரே இருந்தது. ஒரே மரம், பச்சையாக இருந்தால் ஈரம் காக்கும், காய்ந்தால் உலர்ச்சி காக்கும். உங்கள் பண்டத்துக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காகிதக் கூம்பின் கணக்கு

20 செ.மீ. சதுரத் தாளின் ஒரு மூலையைக் கூம்பின் நுனியாக வைத்து, இரண்டு சுற்று வரும்படி உருட்டுங்கள். வாயின் ஆரம் 2.5 செ.மீ. வரும், உயரம் 20-க்குக் கொஞ்சம் குறைவு. முழுதாக நிரப்பினால் 130 மி.லி. கொள்ளும். ஆனால் வாயை மூட மேலே மூன்றில் ஒரு பங்கு உயரத்தை விட்டால் எவ்வளவு மிஞ்சும்? 87 என்று வாய் முந்தும். மிஞ்சுவது 38 மி.லி.தான். கூம்பில் கொள்ளளவு உயரத்தின் மூன்றாம் படியாகக் குறைகிறது, மேல்பகுதியில்தான் சரக்கு அத்தனையும் இருக்கிறது. கடலை விற்பவர் கூம்பின் வாயைத் திறந்தே கொடுப்பதும், மளிகைக்கடைக்காரர் பருப்புக்குத் தட்டைப் பொட்டலம் கட்டுவதும் இதனால்தான். நின்ற இடத்தில் தின்று முடிப்பதற்குக் கூம்பு. வீட்டுக்குப் போக வேண்டியதற்கு அது தோதில்லை.

தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு. 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது சுருண்டு குழாய் மாதிரி ஆகும். குழாயின் நீளவாட்டம்தான் நார் ஓடும் திசை. அந்தத் திசைக்கு இணையான மடிப்பு கூர்மையாக விழும், குறுக்கு மடிப்பு வெடித்துச் சொரசொரக்கும். பெட்டியின் முக்கிய மடிப்புகள் இணையாக வரும்படி தாளைத் திருப்பி வெட்டுங்கள். அச்சகத்தில் வந்த மாதிரியில் மடிப்பு வெடித்தால் முதலில் இதைப் பாருங்கள், மையையும் பசையையும் பிறகு குறை சொல்லலாம்.

நாளிதழில் உணவைக் கட்டும் பழக்கத்தைப் படிக்கலாம், பின்பற்றக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் ஒழுங்குமுறை, உணவைப் பொதியவும் பரிமாறவும் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அச்சு மையில் இருப்பது எண்ணெய்ப் பலகாரத்தில் எளிதில் இறங்கும். பயிற்சிக்கும் மாதிரிக்கும் அச்சில்லாத, உணவுக்கென்று விற்கும் கிராஃப்ட் தாளை வாங்குங்கள். கூம்புக்கு 60 முதல் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) போதும்.

நூலை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். பழைய மளிகைக்கடையில் உத்தரத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு, ஒரு கையில் பொட்டலம், மறுகையில் நூல், சுற்றிச் சுற்றிக் கடைசியில் முனையை அடியில் செருகி ஒரு இழுப்பு. முடிச்சே இல்லை. வீட்டில் முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் அவிழ்ந்து நூலும் தாளும் மறுபடி உதவும். உங்கள் பெட்டியைத் திறக்கக் கத்தி தேவைப்பட்டால், அந்த மளிகைக்கடைப் பொட்டலத்துக்கு ஒரு படி கீழே நிற்கிறீர்கள்.

பனை ஓலை

பனை ஓலையில் குருத்தோலை வேறு, சாரோலை வேறு. வெளிறிய, மென்மையான குருத்தோலையில் நுண்ணிய பின்னல் வரும். முற்றிய சாரோலை முரடு, பெரிய பெட்டிக்கும் பாய்க்கும் சரி. நேரில் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு, செட்டிநாட்டுக் கொட்டானுக்குக் காரைக்குடிப் பக்கம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதாவது வேறெங்கோ செய்த ஓலைப்பெட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்க முடியாது. உங்கள் திட்டத்தின் பெயரிலும் இதைக் கவனியுங்கள்.

ஓலையில் முடைவதற்கு முன் 8 மி.மீ. அகலக் காகிதப் பட்டையில் ஒரு சதுரக் கூடை செய்து பழகுங்கள். கணக்கு இப்படி: அடிக்கு ஒரு திசையில் 12 பட்டை, குறுக்கே 12 பட்டை, ஒன்றின் மேலும் கீழுமாக. அடியின் பக்கம் 9.6 செ.மீ. வரும். உயரம் 10 செ.மீ. வேண்டுமானால் ஒவ்வொரு பட்டையின் நீளமும் 9.6 + 10 + 10, அதோடு வாயில் மடித்துச் செருக இரு பக்கமும் தலா 5 செ.மீ.: ஏறக்குறைய 40 செ.மீ. பட்டைகளை மேலே மடித்தால் 48 நிற்கும். சுவருக்குப் படுக்கைப் பட்டை 12, ஒவ்வொன்றும் சுற்றளவு 38.4-க்கு மேல் 5 செ.மீ. ஏற்றம் விட்டு 44 செ.மீ.

நிற்கும் பட்டை 48 என்பது இரட்டைப்படை. அதனால் ஒவ்வொரு படுக்கைப் பட்டையையும் தனி வளையமாக முடித்துவிட வேண்டும், அடுத்த வளையத்தை ஒரு பட்டை தள்ளித் தொடங்க வேண்டும். ஒரே நீளப் பட்டையைச் சுருள்போல மேலேற்றலாம் என்று நினைத்தால், இரண்டாம் சுற்றில் மேல்-கீழ் மாறாமல் முதல் சுற்றின் மேலேயே அச்சாக விழும், பின்னல் பிடிக்காது. சுருளாகத்தான் வேண்டும் என்றால் நிற்கும் பட்டை ஒன்றை நீளவாட்டில் கிழித்து இரண்டாக்கி 49 ஆக்குங்கள்.

இதே அளவில் ஓலையில் முடையும்போது வருகிற தொல்லை சுருக்கம். ஓலையை நனைத்தால்தான் ஒடியாமல் வளையும், ஆனால் ஈரத்தில் அது அகலத்தில் உப்பியிருக்கும். சொட்டச் சொட்ட முடைந்தால் மறுநாள் காய்ந்து பட்டைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். கொஞ்ச நேரம் நனைத்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதமான ஈரத்தில் முடையுங்கள். ஒவ்வொரு நாலு வரிசைக்கும் ஒருமுறை கீழே தட்டி நெருக்குங்கள். முடிந்ததும் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் இரண்டே நாளில் பூஞ்சை, அந்தக் கூடையை உணவுக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

பின்னலே இல்லாத ஓலைப் பாத்திரங்களும் உண்டு, வடிவமைப்பவருக்கு அவைதான் பெரிய பாடம். பதநீர் குடிக்கும் பட்டையைப் பாருங்கள். பச்சை ஓலையில் இயற்கையாக இருக்கும் விசிறி மடிப்பை விரித்து, இரு முனையையும் கூட்டி மடக்கி, அதே ஓலையில் கிழித்த ஈர்க்கால் ஒரு கட்டு. வெட்டு இல்லை, பசை இல்லை, வேறு பொருள் இல்லை. மடிப்பு ஏற்கெனவே மரத்தில் இருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று மட்டும் ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

கார்த்திகை தீபத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் செய்யும் ஓலைக் கொழுக்கட்டை இன்னும் ஒரு படி மேலே. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய குருத்தோலையின் பள்ளத்தில் அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய் கலந்த மாவை அடைத்து, இன்னொரு ஓலையை மேலே கவிழ்த்து, ஓலைக் கீற்றால் கட்டி, ஆவியில் 20 முதல் 25 நிமிடம் வேகவைப்பார்கள். அங்கே ஓலைதான் அச்சு, பாத்திரம், மணம், பரிமாறும் தட்டு. செய்து பார்க்கும்போது முக்கால் பங்குதான் அடையுங்கள். முழுதாக அடைத்தால் மாவு உப்பிக் கட்டின் இடைவெளியில் பிதுங்கி வரும். வெந்ததைப் பிரித்தால் மாவின் மேல் ஓலையின் கோடுகள் பதிந்திருக்கும். உறை உணவின் மேல் விட்ட அந்த அடையாளத்தை, பெட்டி மேல் அச்சடிக்கும் எந்தச் சின்னத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைக்கோலும் ஐந்து முட்டையும்

ஜப்பானில் யமகட்டா பகுதியில் ஐந்து முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெல் வைக்கோலில் கட்டித் தொங்கவிடும் பொதி ஒன்று உலகெங்கும் வடிவமைப்பு வகுப்புகளில் காட்டப்படுகிறது. நம் ஊரில் அதற்கு உறவு தேடினால் விதைக்கோட்டை: வைக்கோலைத் திரித்த கயிறான பிரியைச் சுற்றிச் சுற்றி, விதைநெல்லை உள்ளே வைத்து, மேலே சாணமும் மண்ணும் பூசி அடுத்த பட்டம் வரை காத்த உருண்டை. ஒன்று அடியிலிருந்து காக்கிறது, மற்றது ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும். பொருள் ஒன்றுதான்.

முட்டைப் பொதியைச் செய்து பார்க்கக் கை அறுப்பு வைக்கோல் வேண்டும். மிஷின் அறுப்பில் வருவது துண்டுதுண்டாக நசுங்கியிருக்கும், பிரி திரிக்க வராது. முக்கால் மீட்டருக்குக் குறையாத வைக்கோல் தாள்களாகப் பொறுக்கி, பூஞ்சை வாடை அடித்தால் ஒதுக்கி, அரை மணி நனைத்து, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி இளக்குங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் தொடும் அளவுக் கைப்பிடி எடுத்து அடியைக் கட்டி, குடை மாதிரி விரித்து முதல் முட்டையை வையுங்கள். தாள்களை மேலே கூட்டி, முட்டையின் தலைக்கு மேல் ஒரு பிரியால் இறுக்குங்கள். அடுத்த முட்டை, அடுத்த கழுத்து. கடைசியில் மிச்சத் தாள்களைக் கூட்டி ஒரு கைப்பிடி.

முட்டைக்கும் முட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கழுத்துதான் உயிர்நாடி. அது தளர்ந்தால் இரண்டு ஓடுகள் மோதும். ஒவ்வொரு முட்டையையும் மெல்லிய ஜிப் உறையில் போட்டுக் கட்டி, 30, 60, 90 செ.மீ. உயரத்திலிருந்து தரையில் விடுங்கள், உடைந்தாலும் முட்டை வீணாகாது. எந்த முட்டை முதலில் உடைகிறது என்று குறியுங்கள். அடி முட்டை உடைந்தால் அடிக்கட்டு மெலிவு, நடு முட்டை உடைந்தால் கழுத்து தளர்வு.

சட்டமும் லேபிளும்

இலை நனைகிறது என்று அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டும் யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அதில் அடக்கம். சட்டம் கிடக்கட்டும், படலம் ஒட்டிய இலை மட்கவும் மட்காது, மறுசுழற்சிக்கும் போகாது.

விற்பனைக்கு வைக்கும் பொதி என்றால் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பண்டத்தின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., புகார் தெரிவிக்கும் தொடர்பு எல்லாம் மேலே இருக்க வேண்டும். உணவுக்கான லேபிள் விதிகள் தனி. பின்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டாது, ஒட்டினாலும் மூன்றாம் நாள் மூலை எழும்பும். கொட்டானைச் சுற்றி 4 செ.மீ. அகலத் தாள் பட்டை ஒன்றைப் போட்டு அதன் முனைகளை அதோடேயே ஒட்டுங்கள், அல்லது மூடியைக் கட்டும் நூலிலேயே அட்டையைக் கோத்துவிடுங்கள். நூலை அவிழ்த்தால்தான் திறக்கும், அவிழ்த்தால் அட்டை விழும். திறந்த பொதி எது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

முடைகிறவரிடம் மாதிரி கேட்கும்போது விலை பேசாதீர்கள், நேரம் கேளுங்கள். ஒரு கொட்டானுக்கு ஓலை கீற, சாயம் ஏற்ற, முடைய எத்தனை மணி நேரம்? அதை, அந்த ஊர் நாள் கூலியிலிருந்து வரும் ஒரு மணி நேரக் கூலியோடு பெருக்குங்கள். உங்கள் பொதியின் செலவுக் கணக்கு அதற்குக் கீழே போனால் வடிவமைப்பில்தான் கோளாறு: பின்னலைக் குறையுங்கள், அளவைச் சுருக்குங்கள், திரும்பக் கொடுத்தால் பணம் கழியும் பொதியாக மாற்றுங்கள். கூலியைச் சுருக்கிக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். சமர்ப்பிக்கும் தாளில், அவர் சம்மதித்தால், அவர் பெயரும் ஊரும் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முன் மாதிரியைத் தலைகீழாக ஓர் இரவு வைத்து, காலையில் கறை பாருங்கள். பிறகு பொதியிலிருந்து உணவை எடுத்துவிட்டு மிச்சத்தை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதை மாடு தின்றால் என்ன ஆகும்? மந்தார இலையை ஈர்க்குக் குச்சியால் தைத்த தையல் இலை இந்தக் கேள்வியில் தேறும். வாழை இலை தேறும், நாரும் தேறும். உங்கள் மாதிரியில் அவசரத்துக்கு அடித்த ஸ்டேப்ளர் பின் தேறாது. அதைப் பிடுங்கிவிட்டு, இரண்டு செ.மீ. ஈர்க்கைக் கூராக்கி அதே துளையில் குத்துங்கள்.